மருத்துவமனையில் சேர்த்த பிறகும் பச்சிளங்குழந்தைகள் ஏன் இறக்கின்றன?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் தங்கைக்குக் கர்ப்பத்தின் 29 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. 1,100 கிராம் எடையில் பிறந்த பையனை பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் வரை "முன்னேற்றம் இருக்கிறது" என்றார்கள். ஒன்பதாம் நாள் காலை "ரத்தத்தில் கிருமி" என்றார்கள். பத்தாம் நாள் இரவு குழந்தை போய்விட்டது. நீங்கள் கேட்டிருப்பது, "அங்கே சேர்க்கிற 100 குழந்தைகளில் எத்தனை இறக்கின்றன என்று முன்பே விசாரித்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருக்கலாமா?" என்பது. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நன்றாக இருந்த குழந்தை, அத்தனை கருவிகளுக்கு நடுவில், எப்படி ஒரே நாளில் போனது? கடைசி வரியில், தான் மாடிப்படி ஏறி இறங்கியதால்தான் இப்படி ஆனது என்று தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் குழந்தை மருத்துவர். 20 வருடங்களுக்கும் மேலாகப் பச்சிளங்குழந்தைகள் வார்டில்தான் வேலை. ஆனால் உங்கள் தங்கை குழந்தையின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் இந்தக் குழந்தை இதனால்தான் இறந்தது என்றோ, இன்னார் மேல் தவறு என்றோ என்னால் சொல்ல முடியாது. பார்க்காமல் அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பொதுவாக என்ன நடக்கிறது, அதில் எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் முடிவாகாதது என்பதைச் சொல்லலாம்.

பிறந்த முதல் 28 நாட்கள்தான் ஒரு குழந்தையின் உயிருக்கு அபாயம் கூடிய நாட்கள். உலகம் முழுவதும் 2022இல் சுமார் 23 லட்சம் குழந்தைகள் இந்த 28 நாட்களுக்குள் இறந்திருக்கின்றன. 1990இல் இது 50 லட்சமாக இருந்தது. இறப்புகளில் முக்கால் பங்கு முதல் வாரத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. காரணங்கள் பெரும்பாலும் நான்கு: மாதம் நிறையாமல் பிறப்பது, பிறக்கும் நேரத்தில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் போவது, கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடுகள். காகிதத்தில் நான்காகப் பிரித்து எழுதினாலும் வார்டில் இவை தனித்தனியாக வருவதில்லை. குறைமாதக் குழந்தைக்குத்தான் தொற்று வருகிறது, தொற்று இருந்த தாய்க்குத்தான் முன்கூட்டியே பிரசவவலி வருகிறது. இறப்புச் சான்றிதழில் ஒரு காரணத்தை எழுதுகிறோம், உள்ளே இரண்டு மூன்று பின்னிக் கிடக்கும்.

29 வாரம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்பாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. ஒவ்வொரு மூச்சும் புது பலூனை முதல் முறை ஊதுவது போலக் கடினமாக இருக்கும். இந்தக் குறைதான் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் 1959இல் காட்டினார்கள். ஆனால் மருந்து வர வெகுகாலம் ஆனது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுடன் பிறந்து, 39 மணி நேரத்தில் இதே மூச்சுக் கோளாறால் இறந்துபோனான். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்களிடமும் அன்று கொடுக்க எதுவும் இல்லை. 1971இல் ஜார்ஜ் கிரிகரி, மூச்சுப்பாதையில் தொடர்ந்து லேசான அழுத்தம் கொடுத்து நுரையீரலைத் திறந்தே வைத்திருக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று சி-பாப் என்று சொல்கிறோமே, அதுதான். 1980இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்டைக் குழந்தைகளுக்குச் செலுத்திக் காட்டினார். பேட்ரிக் இருந்த நிலையில் இன்று ஒரு குழந்தை வந்தால், நல்ல பிரிவு ஒன்றில் அது பிழைத்து வீட்டுக்குப் போவதுதான் நாங்கள் எதிர்பார்ப்பது.

உங்கள் மருமகன் எட்டு நாள் வரை வந்தான் என்றால் இந்த முதல் கண்டத்தைப் பெரும்பாலும் தாண்டியிருக்கிறான். மூளையில் ரத்தக்கசிவு வருவதும் அதிகமாக முதல் மூன்று நாட்களில்தான். அதையும் தாண்டியிருக்கலாம். "முன்னேற்றம்" என்று மருத்துவர்கள் சொன்னது பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண்டம் கடந்தால் வேறொரு கண்டம் காத்திருக்கிறது என்பதைப் பெற்றோருக்கு நாங்கள் சரியாகச் சொல்வதில்லை. பயமுறுத்த வேண்டாம் என்ற எண்ணம்தான் காரணம். அப்படிச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குத் தவறு என்றே நினைக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் நம்பிக்கையைக் கட்டுகிறார்கள். அப்புறம் அது சரியும்போது இழப்போடு ஏமாற்றப்பட்ட வேதனையும் சேர்ந்துகொள்கிறது.

சரி, கிருமிக்கு வருகிறேன். தாயின் உடலிலிருந்து குழந்தைக்குப் போகிற எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியாகக் கடந்து வரும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். தோல் ஈரக் காகிதம் போல இருக்கும். சிரையில் ஊசி, தொப்புளில் குழாய், மூக்கில் குழாய் என்று உயிரைக் காப்பதற்காக நாங்கள் போடுகிற ஒவ்வொன்றும் கிருமி நுழையும் வாசலாகவும் ஆகிவிடுகிறது. பிறந்து மூன்று நாளைக்குள் வருகிற தொற்று பெரும்பாலும் பிரசவப் பாதையிலிருந்து வருவது. அதற்குப் பிறகு வருவது, அதுவும் ஐ.சி.யு.வை விட்டு வெளியே போகாத குழந்தைக்கு வருவது, பெரும்பாலும் அந்த வார்டிலிருந்தே வருவது. இதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்படி ஒரே நாளில் போனது என்றால், பச்சிளங்குழந்தையின் உடல் பெரியவர்களைப் போல முன்னெச்சரிக்கை கொடுப்பதில்லை. காய்ச்சல் வராமலே போகலாம், பல நேரம் உடம்பு சில்லென்று ஆகும். நேற்று செரித்த பால் இன்று வயிற்றிலேயே தேங்கி நிற்கும். கொஞ்சம் சோர்வு, நிறத்தில் ஒரு சாம்பல் சாயல், நடுநடுவே மூச்சை மறந்துபோவது. அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர், "இந்தப் பாப்பா இன்றைக்கு எனக்குச் சரியாகப் படவில்லை டாக்டர்" என்று சொன்னால் நான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவேன். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை முடிவு வர ஒன்றரை, இரண்டு நாள் ஆகலாம். குழந்தையிடம் எடுக்க முடிவதோ ஒரு மில்லி ரத்தம், அதனால் கிருமி இருந்தும் "இல்லை" என்று வருவதுண்டு. 1,100 கிராம் குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான். அப்படிப்பட்ட உடலில் ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தால் மணிக்கணக்கில் எல்லாம் மாறிவிடும். காலையில் பார்த்த குழந்தை மாலையில் வேறு குழந்தை போல இருக்கும். போதாததற்கு, மலிந்த கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் உள்ள பல வார்டுகளில் கிளெப்சியெல்லா, அசினிட்டோபேக்டர் போன்ற கிருமிகள் குடியேறியிருக்கின்றன. சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அவை மசிவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் ஒரு வார்டில் ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகளுக்கு ஒரே கிருமி வந்தது. வென்டிலேட்டரைச் சந்தேகப்பட்டோம், தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் அது ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் இருந்தது. இரவில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரே நர்ஸ். ஒவ்வொருவருக்கும் புது பாட்டில் உடைக்க நேரமும் இல்லை, ஸ்டோரில் இருப்பும் இல்லை. ஒரு பாட்டிலில் ஊசியைக் குத்தியே வைத்து எல்லோருக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். நான்கில் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. வென்டிலேட்டரில் இருக்கிற குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்பது நல்ல பிரிவுகளின் அளவுகோல். ஒன்பதுக்கு ஒருவர் என்று நிறுத்தியவர்கள்தான் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். தீவிர சிகிச்சை என்றால் எல்லோருக்கும் கருவிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. என் கண்ணுக்குப் பிழைப்பதையும் இறப்பதையும் அதிகம் தீர்மானிப்பது கை கழுவுவதும், அதைச் செய்ய நேரம் இருக்கிற அளவுக்கு ஆட்கள் இருப்பதும்தான்.

அதே வரிசையில் சூடும் தாய்ப்பாலும் வரும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகப் போக இறப்பு கூடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கார் ரே என்ற மருத்துவர் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் ஒட்டிக் குழந்தையைக் கட்டிவைக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் தொடங்கிய இந்தக் கங்காரு முறையைப் பிறகு ஐந்து நாடுகளில் பெரிய ஆய்வாகச் செய்தார்கள். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை உள்ள குழந்தைகளை நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயோடு வைத்தபோது 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். வழக்கம்போல இன்குபேட்டரிலோ வார்மரிலோ முதலில் வைத்தவர்களில் 15.7 சதவீதம். இந்த முடிவு 2021இல் வந்தது, அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. தாய்ப்பாலும் அப்படித்தான். குறைமாதக் குழந்தைகளின் குடலே அழுகிப்போகிற என்.இ.சி. என்ற கொடிய நோயைத் தாயின் பால் குறைக்கிறது.

இனி, அவ்வளவு உறுதியில்லாத பகுதி. நல்ல எண்ணத்தோடு செய்ததே கெடுதலான கதைகள் எங்கள் துறையில் நிறைய உண்டு. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானவர்கள் விழித்திரை கெட்டுப் பார்வை இழந்தார்கள். 1950களில் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்தார்கள், பார்வையிழப்பு குறைந்தது, மூச்சுக் கோளாறில் இறப்பு கூடியது. 2010இல் வந்த பெரிய ஆய்விலும் அதே இழுபறிதான்: ஆக்ஸிஜன் அளவைத் தாழ்த்தி வைத்தால் கண் தப்புகிறது, உயிர் அதிகம் போகிறது. இப்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவை 90க்கு மேல், 95 சதவீதத்துக்குள் என்று பல இடங்களில் வைக்கிறோம். அதே போலத்தான், பிறக்கும்போது ஆக்ஸிஜன் கிடைக்காத நிறைமாதக் குழந்தைகளை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைப்பது, பணக்கார நாடுகளில் மூளையையும் உயிரையும் காக்கிறது என்று நிரூபணமானது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் அதையே செய்துபார்த்த ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. ஏன் என்று இன்னும் விவாதிக்கிறோம். அதனால் "அந்த மருத்துவமனையில் இன்ன சிகிச்சை இல்லை, அதனால்தான் போனது" என்று யாராவது சொன்னால் உடனே ஏற்காதீர்கள்.

இப்போது உங்கள் சதவீதக் கேள்வி. வெறும் சதவீதத்தை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்கிற நிறைமாதக் குழந்தைகளையும் ஐ.சி.யு. கணக்கில் சேர்க்கிறார்கள். நிலைமை மோசமானால் வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே 100க்கு 2 பேர் இறக்கிறார்கள். இன்னொன்று அப்படி அனுப்பப்பட்ட 900 கிராம் குழந்தைகளை, வழியிலேயே சில்லிட்டுப்போன குழந்தைகளை எல்லாம் வாங்கிக்கொள்கிறது. அங்கே 100க்கு 15. உங்கள் குழந்தையை எங்கே சேர்ப்பீர்கள்? நானாக இருந்தால் இரண்டாவது இடத்தில்தான் சேர்ப்பேன். இன்னொன்றும் உண்டு. நம்பிக்கை இல்லை என்று சொன்னதும் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு எடுத்துப்போன குழந்தை எந்தக் கணக்கிலும் இறந்ததாக வராது. பிரசவ அறையிலேயே இறந்த குழந்தையும் ஐ.சி.யு. கணக்கில் வராது. சிறிய பிரிவு என்றால் போன வருடம் இரண்டு, இந்த வருடம் நான்கு என்பது தற்செயலாகவும் இருக்கலாம். இதற்காகத்தான் எடை, கர்ப்ப வாரம், பிறவிக் குறைபாடு, முதல் 12 மணி நேரத்தின் நிலை எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டுப் பார்க்கும் கிரிப் போன்ற அளவுகோல்களை 1990களிலிருந்து உருவாக்கினார்கள்.

ஆனால் இதை மருத்துவமனைகள் கேடயமாகப் பிடிப்பதையும் நான் ஏற்கவில்லை. "எங்களிடம் வருவதே கடைசிக் கட்டத்தில்தான்" என்பது பல நேரம் உண்மை, சில நேரம் சாக்கு. 32 வாரத்திலோ அதற்கு முன்போ பிறக்கும் குழந்தைகள் ஏழை நாடுகளில் பாதிப் பேர் இறக்கிறார்கள், பணக்கார நாடுகளில் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். இந்த இடைவெளி பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிகளால் வந்ததல்ல. சூடு, தாய்ப்பால், தொற்றுக் கட்டுப்பாடு, மூச்சுக்குக் கொஞ்சம் துணை, இவ்வளவுதான். ஆகவே மருத்துவமனையிடம் கேட்க வேண்டியது வேறு. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வருடத்துக்கு எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்கள்? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தை? தாயை எப்போது வேண்டுமானாலும் உள்ளே விடுவீர்களா, கங்காரு முறை செய்ய விடுவீர்களா? நேராகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம்.

உங்கள் குடும்பத்துக்கு இப்போது செய்ய முடிந்தது, இறப்பு அறிக்கையையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிக்கொள்வது. கொஞ்ச நாள் கழித்து, சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேரம் கேட்டு, உட்கார்ந்து பேசுங்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்டது, அதே வாரத்தில் வேறு குழந்தைகளுக்கும் வந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

தங்கையிடம் இதைச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறியதால் குறைமாதப் பிரசவம் வராது. படுக்கையிலேயே இருந்தால் அதைத் தடுக்கலாம் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஏன் முன்கூட்டியே வலி வந்தது என்பதற்குப் பல தாய்மார்களில் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. கர்ப்பப்பைக்குள் தொற்று, ரத்த அழுத்தம், பனிக்குடம் முன்னதாக உடைவது என்று சில தெரியும், மீதி தெரியாது. அடுத்த முறை கருவுற்றால் முதல் சந்திப்பிலேயே இந்தப் பிரசவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை குறைமாதமாகப் பெற்றவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். அபாயம் தெரிந்தால் பிரசவத்துக்கு முன்பே, குழந்தைகள் ஐ.சி.யு. உள்ள இடத்துக்குத் தாயைக் கொண்டுபோவது நல்லது, பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டிய ஸ்டீராய்டு ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும். அதையும் கர்ப்ப வாரம் சரியாகத் தெரிந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியுள்ள இடத்தில்தான் போட வேண்டும். கண்டபடி போட்டபோது பலன் தெரியவில்லை, கெடுதலும் தெரிந்தது.

இன்னும் ஒன்று, யாரும் சொல்லித் தராதது. குழந்தை போன பிறகும் அவளுக்குப் பால் சுரந்துகொண்டிருக்கும். மார்பு கட்டி வலிக்கும், அதைக் கண்டு இன்னும் உடைந்துபோவாள். ஈரத்துணியால் குளிர் ஒத்தடம் கொடுங்கள், நன்றாகத் தாங்குகிற உள்ளாடை அணியட்டும், வலி அடங்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சி எடுக்கலாம், முழுவதும் எடுத்தால் இன்னும் சுரக்கும். சில நாட்களில் குறையத் தொடங்கும். சிவந்து, காய்ச்சலோடு வலித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில தாய்மார்கள் அந்தப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவார்கள், சிலருக்கு அந்த நினைப்பே தாங்காது. இரண்டில் எதை அவள் சொன்னாலும் வீட்டில் யாரும் மறுத்துப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.